நோய் எதிர்ப்பு அணுக்களைத் தேடிப் போகும் நானோ துகள்

“நானோ ஊசி போட்டால் புற்றுநோய் போய்விடுமாமே, ஜகாத் நிதியில் உதவுவீர்களா?” என்று சிலர் கேட்கிறார்கள்.

இரத்தத்திலுள்ள டி-செல்கள் நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள். புற்றணு நம் உடலிலேயே பிறப்பதால் பல நேரம் அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி, 2023-ல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 சிகிச்சையில், நோயாளியின் டி-செல்களை வெளியே எடுத்து, புற்றை இனங்காணும்படி மாற்றித் திரும்ப ஏற்றுகிறார்கள். சில இரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே இது. வெளிநாட்டு விலையோடு பார்த்தால் மலிவுதான். நமக்கோ அதுவும் பல லட்சம்.

அதே மாற்றத்தை உடலுக்குள்ளேயே செய்யப் பார்ப்பதுதான் நானோ ஆராய்ச்சி. தலைமுடியின் குறுக்கே ஏறத்தாழ ஆயிரம் அடுக்கக்கூடிய கொழுப்புத் துகள். உள்ளே டி-செல்லுக்கான கட்டளை, மேலே அந்தச் செல்லைப் பற்றிக்கொள்ளும் புரதம். வெறும் துகளை ஊசியில் ஏற்றினால் பெரும்பகுதி கல்லீரலுக்கே போய்விடும். அதைத் திசைதிருப்பத்தான் பாடுபடுகிறார்கள். இன்னும் சோதனைக் கட்டம் தாண்டவில்லை. (சில கீமோ மருந்துகளும் நானோ துகளில் வருகின்றன, அவை வேறு.)

வைத்தியம் செய்துகொள்ளச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆனால் ஜகாத் ஓர் அமானிதம். விளம்பரத்தை நம்பிக் கொடுக்க முடியாது. நகையை அடகு வைக்கும் முன் பயாப்ஸி அறிக்கையோடு அலுவலகத்துக்கு வாருங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கடிதமும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பமும் எழுதித் தருகிறோம்.