ஆலோசனைக் கோப்புக்குப் பூட்டு எங்கே இருக்கிறது?

மனநலத் துறையில் ஒரு திட்டம் வருவதற்கு முன் யாராவது அரசுக்கு ஆலோசனை எழுதிக் கொடுத்திருப்பார்கள். இத்தனை மருத்துவர்கள் வேண்டும், இந்தக் காப்பகத்தை மூட வேண்டும், இந்த மருந்து எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அரசு அதில் எதை ஏற்றது, எதை ஓரங்கட்டியது என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தைக் கேட்கவே கூடாது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மகனையோ மனைவியையோ பராமரித்து அலுத்துப்போன குடும்பங்கள் அப்படி நம்புகின்றன. பதில் எழுதும் அலுவலர்களில் பலரும் அப்படியே நம்புகிறார்கள்.

நம்பிக்கை: நிபுணர்களும் அதிகாரிகளும் அரசுக்குத் தரும் ஆலோசனை ரகசியம்.

2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் எதையெல்லாம் ‘தகவல்’ என்கிறது என்று பிரிவு 2(எஃப்) வரிசையாகச் சொல்கிறது. ஆவணம், குறிப்பாணை, மின்னஞ்சல், சுற்றறிக்கை ஆகியவற்றோடு கருத்து, ஆலோசனை இரண்டும் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கின்றன. கோப்பின் ஓரத்தில் அதிகாரி எழுதும் குறிப்பும் தகவல்தான் என்று மத்திய தகவல் ஆணையம் 2006-லேயே சொல்லிவிட்டது. சட்டம் இன்னொரு படி மேலே போகிறது. ஒரு துறைக்கு ஆலோசனை சொல்ல அமைந்த குழுக்கள் எவை, அவற்றின் கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதை யாரும் மனுப் போடாமலேயே அந்தத் துறை வெளியிட வேண்டும். இது பிரிவு 4-இல் உள்ள கடமை. என் பார்வையில் இந்தச் சட்டத்தில் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பிரிவும் இதுதான்.

நம்பிக்கை: அமைச்சரவைக்குப் போன கோப்பைத் தொடவே முடியாது.

மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி வருகிற எண், இதே தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஐ). அமைச்சரவைக் காகிதங்களுக்கும், அமைச்சர்கள், செயலாளர்கள், மற்ற அலுவலர்களின் கலந்தாய்வுப் பதிவுகளுக்கும் அது விலக்கு தருகிறது. கடிதம் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அதே பிரிவின் அடுத்த வாக்கியத்தை எடுத்துக் காட்ட மாட்டார்கள். அமைச்சரவை முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு, அந்த முடிவையும் அதற்கான காரணங்களையும் எந்த விவரங்களின் அடிப்படையில் அது எடுக்கப்பட்டதோ அவற்றையும் வெளியிட வேண்டும் என்கிறது அந்த வாக்கியம். வேறு விலக்குக்குள் வருகிற பகுதி மட்டும் நிற்கும்.

தேசிய மனநலக் கொள்கை 2014 அக்டோபர் 10 அன்று வெளியானது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டுமே என்றோ முடிந்த விஷயங்கள். இவற்றுக்கு அடிப்படையாக இருந்த ஆலோசனைகளை இன்றும் ‘பரிசீலனையில்’ என்று சொல்லி மறைக்க முடியாது.

முடிவெடுப்பதற்கு முன் அதிகாரிகள் தங்களுக்குள் தயக்கமில்லாமல் வாதாட ஓர் இடம் வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். அந்த இடத்தைச் சட்டமே தருகிறது, ஆனால் அதற்கு ஒரு கால எல்லை வைத்துத் தருகிறது. அந்த எல்லைக்குள்ளேயே கூட, பொது நலன் பெரிதென்றால் பிரிவு 8(2)-இன்படி தகவலைக் கொடுக்கலாம்.

நம்பிக்கை: நிபுணர் அறிக்கையை வெளியிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். அந்நாட்டின் தேசிய மனநல ஆணையம், அரசு கேட்டதன் பேரில் மனநலத் திட்டங்கள் அனைத்தையும் ஆராய்ந்து 2014 இறுதியில் அறிக்கை கொடுத்தது. அரசு அதை வெளியிடாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தது. 2015 ஏப்ரலில் அது ஊடகங்களுக்குக் கசிந்தது. அதன் பிறகே சுகாதார அமைச்சர் சூசன் லே முழு அறிக்கையையும் வெளியிட்டார். மருத்துவமனைகளுக்குப் போகும் நிதியில் 100 கோடி டாலரை 2017-18 முதல் ஐந்தாண்டுகளில் சமூக அளவிலான சேவைகளுக்குத் திருப்ப வேண்டும் என்ற பரிந்துரை அதில் இருந்தது. அதை ஏற்க முடியாது என்று அரசு வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் தன் முழுப் பதிலையும் வைத்தது. பரிந்துரை இது, மறுப்பு இது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து மக்களால் பார்க்க முடிந்தது. அரசு எல்லாப் பரிந்துரையையும் ஏற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எதை மறுத்தது என்பது மட்டும் வெளியே தெரிய வேண்டும்.

நம் பக்கம் இதன் அவசரம் வேறு மாதிரியானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, மாநில அரசும் விசாரணை ஆணையம் அமைத்தது. மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று நாடாளுமன்றச் சட்டம் திட்டவட்டமாகச் சொன்னது 2017-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் எந்த அரசுக்கு என்ன ஆலோசனை போனது, எந்த மேசையில் அது படுத்துக் கிடந்தது என்று கேட்பதற்கு இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முழு உரிமை உண்டு. விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையம் அறிக்கை கொடுத்தால், அரசு எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு ஆறு மாதத்துக்குள் அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அதுவும் பலருக்குத் தெரிவதில்லை.

நம்பிக்கை: மனநலம் என்றாலே நோயாளியின் அந்தரங்கம், அதனால் கேட்கக் கூடாது.

நோயாளியின் விவரம் கட்டாயம் காக்கப்பட வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் மாவட்டத்துக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்று ஒரு குழு எழுதிய பரிந்துரையில் எந்த நோயாளியின் பெயர் இருக்கிறது? அப்படியே ஒரு பக்கத்தில் இருந்தாலும், அதை மட்டும் மறைத்து மீதியைக் கொடுக்கத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 10 வழி செய்கிறது.

நம்பிக்கை: கேட்டுப் பார்த்தாகிவிட்டது, பதில் வராது.

பல மனுக்கள் கேள்வியின் வடிவத்திலேயே விழுந்துவிடுகின்றன. ‘எங்கள் மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஏன் இல்லை?’ என்று எழுதினால் விளக்கம் சொல்லும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. அலுவலர் புதிதாகக் கருத்தோ ஆலோசனையோ சொல்ல வேண்டியதில்லை, ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பதைத்தான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சி.பி.எஸ்.இ. வழக்கில் தெளிவுபடுத்தியது. அதனால் காகிதத்தைக் கேளுங்கள். ‘மாநில மனநல ஆணையத்தின் கடைசி நான்கு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள், அவற்றில் செய்யப்பட்ட பரிந்துரைகள், அவற்றின் மீது துறை எடுத்த முடிவு அடங்கிய குறிப்புக் கோப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைத் தருக’ என்று எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் மனுக் கட்டணமாகப் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் தகவல் ஆணையம்.

மத்திய, மாநில மனநல ஆணையங்கள் ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம். மனநோய் கண்டவர்களும் பராமரிப்பவர்களும் அவற்றில் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். ஆண்டறிக்கை நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்கப்பட வேண்டும். கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால், அதுவும் கையெழுத்தோடு கிடைத்த ஓர் ஆவணம்.

கேட்பதற்கு இப்போது ஒரு குறிப்பான காரணமும் இருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை உருவாக்க, சர்வதேச வழிகாட்டுதல்களை எட்டும் முயற்சியைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுக்குள் செய்ய வேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு. அந்தக் கெடு 2028 மே மாதத்தோடு முடிகிறது. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் சுட்டிக்காட்டியது. இந்த இடைவெளியை நிரப்ப ஒவ்வொரு மாநில சுகாதாரத் துறைக்கும் என்ன ஆலோசனை தரப்பட்டது, எத்தனை பணியிடம் கேட்கப்பட்டது, நிதித்துறை எத்தனைக்கு ஒப்புக்கொண்டது? கேட்டிருந்தால் எழுதிய கடிதம் கோப்பில் இருக்கும். கேட்காமலேயே விட்டிருந்தால் அதையும் இந்தக் கெடு முடிவதற்குள் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.