சாயங்காலம் போய் ஷூ வாங்கு

வேலைக்குப் புது ஷூ எடுக்கணும்னு சொன்னியேம்மா, காலையில கடை திறந்ததும் ஓடாதே. நாள் முழுக்க நின்னு நடந்தா கால் கொஞ்சம் வீங்கும். பெங்களூரு மர்பி டவுன்ல இருந்து கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குப் போற நம்ம பொண்ணுங்க நின்னுக்கிட்டேதான் வேலை பார்க்கிறாங்க. காலையில கச்சிதமா இருக்கிற ஷூ, டியூட்டி முடியறப்போ கடிக்கும். அதனால வேலை முடிஞ்சு, அந்தக் காலோடவே கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கோ சிவாஜிநகருக்கோ போ.

அதுக்கு முந்தின நாள் வீட்டுல ஒரு வேலை இருக்கு. பழைய காலண்டர் தாளைத் தரையில போட்டு அது மேல ஏறி நில்லு. உட்கார்ந்துக்கிட்டு வரையாதே, உடம்பு பாரம் இறங்கினாத்தான் பாதம் விரியும். பென்சிலைச் சாய்க்காம நேரா பிடிச்சு வேற யாராவது சுத்தி வரையட்டும். நீயே குனிஞ்சா பாரம் மாறிடும். ரெண்டு காலையும் வரையணும். நிறைய பேருக்கு ஒரு கால் சற்றுப் பெருசா இருக்கும், அந்தப் பெரிய காலுக்குத்தான் ஷூ எடுக்கணும். படத்தை வெட்டிக் கையோட எடுத்துட்டுப் போ. கடையில ஷூவைக் கவிழ்த்து, அடிப்பாகத்து மேல தாளை வை. சுண்டுவிரல் பக்கம் தாள் வெளியே நீட்டினா அந்த ஷூவைப் போட்டுப் பார்க்கவே வேணாம். உள்பக்கம் அதைவிடக் குறுகலாத்தான் இருக்கும்.

அகலத்தை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சென்னை அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேலான பேரோட பாதத்தை அளந்தது. ஐரோப்பா, அமெரிக்காக்காரங்க பாதத்தைவிட நம்ம பாதம் அகலம்னு தெரிய வந்து, நமக்குன்னே 'பா'ங்கிற அளவுமுறையை முன்வச்சிருக்காங்க. கடையில நாம கேட்டுப் பழகின 5, 6 எல்லாம் இங்கிலீஷ் சைஸ். ஒவ்வொரு நம்பருக்கும் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலம் பத்தலைன்னு ஒரு நம்பர் பெருசா எடுத்தா குதிகால் கழண்டு கழண்டு வரும், விரல் முன்னாடி போய் இடிக்கும். அதே நம்பர்ல முன்பக்கம் அகலமான மாடல் கேளு. கிடைக்கலைன்னா ஜென்ட்ஸ் பக்கம் போய்ப் பாரு, ஸ்போர்ட்ஸ் ஷூவுல பெரும்பாலும் அங்க அகலம் கூட இருக்கும். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல.

"போடப் போட லூஸ் ஆயிடும்"னு கடைக்காரர் சொல்லுவார். நல்ல தோலா இருந்தா அகலம் கொஞ்சம் இளகும், ரெக்சின் பெருசா இளகாது. நீளம் எதுலயும் கூடாது. எழுந்து நின்னு பாரு: நீளமான விரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கணும். சில பேருக்கு ரெண்டாவது விரல்தான் நீளம், அதையும் கவனி. ஷூவைக் கையால மடக்கினா விரல் சேர்ற இடத்துல மடங்கணும், நடுவுல மடங்கினா வச்சிடு. அல்சூர் பக்கம் மழை பெஞ்சா நடைபாதைக் கல்லு எப்படி வழுக்கும்னு உனக்கே தெரியும், வழவழப்பான சோல் வேண்டாம்.

குழந்தைக்கு அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து ரெண்டு சைஸ் பெருசா எடுக்காதே. தடுக்கி விழும்.

அம்மாவுக்கு எடுக்கும்போது இன்னும் கவனமா இரு. சுகர் ரொம்ப நாளா இருந்தா காலுல உணர்ச்சி மங்கும், புண்ணே ஆனாலும் 'கடிக்கலை'ம்பாங்க. அவங்க வாய்ச்சொல்லை நம்பாம, தினமும் உள்ளங்காலை நீயே பாரு. சின்னக் கொப்புளம் இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிடு. செருப்புக்குள்ள கல்லு, முள்ளு இருக்கான்னு கையை விட்டுத் தடவிட்டுக் கொடு. எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அவங்களுக்குச் சரிப்படுமான்னும் டாக்டர்கிட்டயே கேளு. வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிங்க காலைக் காப்பாத்தப் பாடுபட்ட காலத்துல, உணர்ச்சி இல்லாத பாதத்துக்காகப் பயன்படுத்தின மெத்துன்னு இருக்கிற ரப்பர் அது. பின்பட்டை வச்சதா வாங்கு, கழண்டு போகாது.

பில்லைத் தூக்கிப் போடாதே. மாத்திக் கொடுப்பாங்களான்னு பணம் கட்டும்போதே கேட்டுக்கோ. ரெண்டு மூணு நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் நட, அப்புறம் கழட்டி வெளிச்சத்துல காலைப் பாரு. எங்கயாவது சிவந்திருந்தா அப்படியே பெட்டியில வச்சுத் திருப்பிக் கொடுத்துட்டு வேற எடு.