மழைக்கு முன் நடப்பவருக்கு வழி விடுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சென்னையில் தெருக்களில் நடக்கும் பணிகளில் மெட்ரோ இரண்டாம் கட்டம் மட்டுமே 118.9 கிலோமீட்டர் திட்டம். மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை, மின்கேபிள் என்று தெருவை வெட்டும் வேலைகள் தனி. பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைத்தால் கடமை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தடுப்பு ஒருவரைப் பள்ளத்தில் விழாமல் காக்கும், சரி. நடைபாதை முழுவதையும் அடைத்துவிட்டால் அவர் எங்கே நடப்பார்? சாலையில் இறங்கித்தான் நடப்பார், முதுகுக்குப் பின்னால் பஸ் வருவது தெரியாமல். மழைநீர் தேங்கிவிட்டால் பள்ளம் எது, தரை எது என்பதும் தெரியாது. ஆகவே மழைக்கு முன் ஒவ்வொரு பணியிடத்திலும் நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் தனி வழி அமைத்தாக வேண்டும்.

சாலையே குறுகல், அதில் தனி வழிக்கு இடம் ஏது என்று ஒப்பந்ததாரர்கள் கேட்பார்கள். இடமில்லாத தெருவில் வண்டிகளுக்கான அகலத்தைத்தான் குறைக்க வேண்டும், அல்லது வண்டிகளைச் சுற்றுவழியில் அனுப்ப வேண்டும். இரண்டு கிலோமீட்டர் சுற்றினால் காருக்குச் சிறிது பெட்ரோல் செலவு. மூட்டுவலியோடு மருந்துக் கடைக்கு நடக்கும் பாட்டிக்கு அது நடக்கவே முடியாத தூரம். அகலம் குறைந்தால் வேகமும் குறையும், அது நல்லதுதான். கார் மோதிய பாதசாரி இறக்கும் அபாயம், வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65-க்கு ஏறும்போது நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வழி அமைத்தாலும் மக்கள் அதில் போவதில்லை என்பது இன்னொரு வாதம். சேறும் ஜல்லியும் கிடக்கிற வழியில், கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற வழியில் யார் போவார்கள்? சாதாரண நாளிலேயே நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டுதல். தற்காலிக வழியும் அந்த அளவை நெருங்கி, மேடாக, இரவில் விளக்கோடு இருந்தால் மக்கள் அதில்தான் போவார்கள். பள்ளத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கட்டிய சிவப்பு ரிப்பன் இருட்டில் தெரியாது. பார்வையற்றவரின் கோல் அதன் அடியில் நுழைந்துவிடும். கால் பள்ளத்துக்குப் போய்விடும். தரையை ஒட்டி ஒரு குறுக்குச் சட்டமுள்ள உறுதியான தடுப்புதான் அவரைக் காக்கும்.

தனி வழி வரும்வரை நம் கையில் இருப்பவை சில. நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். பணியிடத்தருகே தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள். அங்கே கிடக்கும் மின்கம்பியையும் இரும்புத் தடுப்பையும் தொடாதீர்கள். மண் போட்டு மூடிய பள்ளத்தை நம்பவே வேண்டாம்: முதல் மழையில் மண் உள்வாங்கும், மேலே தரை போலவே தோன்றும். சைக்கிள்காரர்களுக்குப் பள்ளத்தின் மேல் போட்ட, நனைந்த இரும்புத் தகடு பெரிய ஆபத்து. அதன் விளிம்பில் சாய்வாக ஏறினால் மெல்லிய டயர் வழுக்கிவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்; சைக்கிளின் பின்பக்கம் சிவப்பு ஒளி பிரதிபலிப்பான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாலைக் கட்டுமான, பராமரிப்புத் தரத்தில் தவறியதால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடம் தருகிறது. அது விபத்து நடந்தபின் வரும் தண்டனை. நடக்குமுன் தடுக்கப் புகார்தான் வழி. சென்னையில் 1913-ஐ அழையுங்கள், பிற ஊர்களில் நகராட்சி, ஊராட்சி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பள்ளம் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், நடக்க வழியில்லை என்பதையும் பதியச் சொல்லி, அருகிலுள்ள கதவு எண்ணைக் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பெருமழை விட்டதும் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். மூடிய பள்ளம் உள்வாங்கியிருந்தால் அன்றே மறுபடி அழையுங்கள்.