கவுனி அரிசிக்குப் பைச் செலவு எவ்வளவு?

செட்டிநாட்டு விருந்துகளில் கவுனி அரிசி இனிப்புக்குத் தனி இடம் உண்டு. இந்த அரிசியை மூட்டையாக விற்பதைவிட, பாக்கெட் போட்டு விற்றால் கிலோவுக்குக் கூடுதல் விலை கிடைக்கும். அந்தக் கூடுதல் விலையைப் பையே தின்றுவிடக்கூடாது. பைச் செலவை நிர்ணயிப்பவை முக்கியமாக மூன்று.

பாக்கெட்டின் அளவு

ஒரு கிலோ அரிசியை ஒரே பையில் போடுவதைவிட, 100 கிராம் வீதம் அதே வடிவமுள்ள பத்துப் பைகளில் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு பைத்தாள் செலவாகும். லேபிள் பத்து ஒட்ட வேண்டும். வாயையும் பத்து முறை ஒட்ட வேண்டும்.

உதாரணமாக, அரைக்கிலோ பை 4 ரூபாய், லேபிள் 1 ரூபாய், கூலி 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 12 ரூபாய் ஆகிறது. ஒரு கிலோ பை 6 ரூபாயானால், லேபிள், கூலி சேர்த்து 8 ரூபாயே ஆகும். 100 கிலோவில் 400 ரூபாய் மிச்சம்.

அச்சு

பையிலேயே பல வண்ணத்தில் அச்சிட, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். பை குறைந்தாலும் கூடினாலும் சிலிண்டர் செலவு மாறாது. அது 20,000 ரூபாய் என்று கொண்டால், 2,000 பைக்குத் தலா 10 ரூபாய். 20,000 பைக்குத் தலா 1 ரூபாய். ஆகவே குறைந்த அளவில் விற்பவர்கள் வெற்றுப் பை வாங்கி லேபிள் ஒட்டுவதே நலம். பல விவசாயிகள் சேர்ந்து ஒரே பையை அச்சிட்டாலும் செலவு குறையும்.

பைத்தாளின் தரம்

கவுனி அரிசியில் தவிடு நீங்காமல் இருப்பதால், நாளானால் அதிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். வெளியூர்க் கடைகளில் மாதக்கணக்கில் இருக்க வேண்டிய அரிசிக்குக் காற்றும் ஈரமும் புகாத பலஅடுக்குப் பை தேவை. சில வாரங்களில் உள்ளூரில் விற்றுப்போகும் அரிசிக்குச் சாதாரணப் பை போதும். ஈரம் 14 சதவீதத்துக்கு மேலிருந்தால் எந்தப் பையும் காப்பாற்றாது, பூஞ்சணம் பிடிக்கும். நன்கு காயவைத்த பிறகே பையிலிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பாக்கெட் மீது பெயர், முகவரி, நிகர எடை, பாக்கெட் போட்ட மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். விலை மாறினால் அச்சிட்ட பை வீணாகும். மாறக்கூடிய விவரங்களை லேபிளில் போடுவது நல்லது. கிழியும் பைகளையும் செலவில் சேர்க்கவும்.

பைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் கிலோவுக்கு ஆகும் மொத்தச் செலவை எழுதிப் பாருங்கள். மூட்டை விலைக்கு மேல் கிடைப்பது அதைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே பாக்கெட் லாபம் தரும்.