எல்லாத் துறைக்கும் ஒரே ஸ்கேலா?

ஃபிட்டிங் செக்‌ஷனில் ஒரு 'வி' ஜாயின்ட்டை உரசி உரசி முடிப்பதற்குள் லேத்தில் நிற்பவன் மூணு ஜாப் போட்டு விடுகிறான். எண்ணிக்கையை மட்டும் பார்த்து மார்க் போட்டால் ஃபைல் பிடித்தவன் கதி என்ன? ஆராய்ச்சி உலகத்திலும் இதே தகராறுதான். அங்கே போவது மார்க் அல்ல, வேலையும் பதவி உயர்வும்.

2005-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 'எச்-எண்' என்ற கணக்கைக் கொண்டு வந்தார். ஒருவர் எழுதிய கட்டுரைகளில் 10 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-எண் 10. போடுவதற்குச் சுலபம், அதனால் சீக்கிரம் பரவிவிட்டது. ஆனால் ஹிர்ஷ் தந்த பட்டியலிலேயே இயற்பியல் மேதை எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191. விட்டன் மட்டமா? இல்லவே இல்லை. உயிரியலில் கட்டுரைகள் அதிகம், மேற்கோள் பட்டியலும் நீளம். இந்த வித்தியாசத்தை ஹிர்ஷே சொல்லியிருக்கிறார், எடுத்துப் பயன்படுத்தியவர்கள்தான் மறந்துவிட்டார்கள்.

கணிதத்தைப் பாருங்கள். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்காக ஆண்ட்ரூ வைல்ஸ் ஏழு வருஷத்துக்கு மேல் உழைத்தார். 1995-ல் அச்சில் வந்தவை இரண்டே கட்டுரைகள், அதில் ஒன்று ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து எழுதியது. மறுபக்கம், ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-ல் வந்த ஒரே கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்! ஆளுக்கு ஒரு முழுக் கட்டுரை என்று கணக்கு வைப்பதா, 5,154-ஆல் வகுப்பதா? வகுத்தால் கருவியைக் கட்டியவருக்கும் பேருக்கு இருந்தவருக்கும் ஒரே பங்குதான்.

இதற்கு ஒரு வழி, துறைச் சராசரியால் வகுப்பது. நம்ம எஃபிஷியன்சி மாதிரி யூனிட் இல்லாத எண் கிடைக்கும். ஒரு கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், அதே வருஷத்து கணிதச் சராசரி 4 என்று வைத்துக்கொள்வோம். விடை 3. உயிரியல் கட்டுரைக்கு 60, சராசரி 30 என்றால் விடை 2. வெறும் எண்ணிக்கையில் பின்தங்கிய கணிதம் இப்போது முன்னே வந்துவிட்டது பார்த்தீர்களா?

இதிலும் ஓட்டை உண்டு. மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நாலைந்து கட்டுரைகள் சராசரியையே தூக்கிவிடும். அதனால் துறைக்குள் முதல் 10 சதவீதத்தில் வருகிறதா என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வரலாறு, இலக்கியம் என்று போனால் அதுவும் பலிக்காது. அவர்கள் வருஷக்கணக்கில் எழுதுவது புத்தகம், மேற்கோள் எண்ணும் பட்டியல்களோ பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகைகளை வைத்து எழுந்தவை. அங்கே கால்குலேட்டரை மூடிவிட்டு, விஷயம் தெரிந்த ரெண்டு பேர் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும்.