நிறைமாதத்தில் சின்னம்மை: ஏன் அந்த ஐந்து நாள் முக்கியம்?

சின்னம்மை கண்டால் வேப்பிலை கட்டி, கூழ் கொடுத்து, தலைக்கு நீர் ஊற்றும் நாள்வரை காத்திருப்பது நம் வீடுகளில் பழகிய வழக்கம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனால், நிறைமாதக் கர்ப்பிணிக்கு வந்தால் காத்திருக்கக் கூடாது.

வரிசெல்லா சோஸ்டர் என்ற நச்சுயிரி இந்நோயை உண்டாக்குகிறது. அது உடலில் புகுந்து 10 முதல் 21 நாள்களுக்குப் பின்னரே கொப்புளம் தெரியும். அதற்கு ஓரிரு நாள் முன்பே நோய் பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். குளிர்நாடுகளைவிட நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் இது பெரியவர்களுக்கு வருவது அதிகம்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்கு வரும் சின்னம்மை நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும். இருமலும் மூச்சுத் திணறலும் அதன் அறிகுறிகள்.

குழந்தையின் நிலையை முடிவு செய்வது நாள் கணக்கு. தாயின் இரத்தத்திலுள்ள கிருமி நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவை அடைகிறது. அதை எதிர்க்கும் ஆண்டிபாடிகளும் அதே வழியாகத்தான் செல்கின்றன. ஆனால், அவை தாயின் உடலில் உருவாகிச் சிசுவைச் சென்றடையச் சில நாள்கள் பிடிக்கும். பிரசவத்துக்கு 5 நாள்களுக்கு மேல் முன்னதாகக் கொப்புளம் தோன்றியிருந்தால், குழந்தை பெரும்பாலும் அந்தப் பாதுகாப்போடு பிறக்கும். பிரசவத்துக்கு முந்திய 5 நாள்களுக்குள்ளோ பிந்திய 2 நாள்களுக்குள்ளோ தோன்றினால், கிருமி மட்டுமே போய்ச் சேரும். அப்போது பச்சிளங் குழந்தையின் நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவை பாதிக்கப்படலாம். சிகிச்சை இல்லாத காலத்தில் இத்தகைய குழந்தைகளில் 30 விழுக்காடு வரை இறந்ததாகப் பதிவுகள் உண்டு.

இன்று வழி இருக்கிறது. சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணி, நோயாளி ஒருவருடன் பழக நேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி உண்டா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும். இல்லையென்றால், 10 நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம். கொப்புளம் தோன்றிவிட்டால், 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்குவது நல்லது. ஆபத்தான அந்த நாள்களில் பிறக்கும் குழந்தைக்கும் இம்யூனோகுளோபுலின் கொடுப்பார்கள்.

கிளினிக்குக்குப் போகுமுன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அங்கே காத்திருக்கும் மற்ற கர்ப்பிணிகளுக்கு நோய் தொற்றாமல் இருக்க அது உதவும்.

சின்னம்மைத் தடுப்பூசியில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருப்பதால், கர்ப்ப காலத்தில் அதைப் போட மாட்டார்கள். பிள்ளை பெறத் திட்டமிடுவோர் முன்னதாகவே போட்டுக்கொண்டு, அதன்பின் குறைந்தது ஒரு மாதம் கழித்துக் கருத்தரிப்பது பாதுகாப்பானது.