கேஸ் மாத்திரைக்கு அடங்காத வயிறு

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் யாருக்கு வயிறு வலித்தாலும் பழி புரோட்டாவுக்குத்தான். எனக்கோ சாரல் ஓய்ந்த பிறகும் மேல்வயிற்று எரிச்சல் ஓயவில்லை. வெறும் வயிற்றில் கூடும், சாப்பிட்டால் சற்று அடங்கும், நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். முதலில் பார்த்த இடங்களில் கேஸ் மாத்திரை எழுதினார்கள். காரணத்தை யாரும் தேடவில்லை.

தேடியவர் தென்காசியில் ஒரு பொதுமருத்துவர். "வலி மாத்திரை போடுவீங்களா அண்ணாச்சி? மலம் கருப்பாப் போகுதா? எடை குறைஞ்சிருக்கா? முன்னாடி என்னென்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீங்க?" என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விதான் முக்கியம். இரைப்பையில் குடியிருந்து அல்சரை உண்டாக்கும் எச்.பைலோரி என்ற பாக்டீரியா, நம் நாட்டில் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்குப் பல இடங்களில் மசிவதில்லை. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் 1982இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். இன்னமும் அல்சர் என்றால் 'காரத்தைக் குறை, கவலைப்படாதே' என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

தென்காசி மருத்துவர் என்னைத் திருநெல்வேலியில் குடல் மருத்துவரிடம் எண்டோஸ்கோபிக்கு அனுப்பினார். அதற்கு முன் கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பக்கூடாது. பழைய தொற்றா, இப்போதையதா என்று அது பிரித்துச் சொல்லாது.

எண்டோஸ்கோபியில் கிருமி இருப்பது தெரிந்தது. மருந்து பதினான்கு நாள். வாயெல்லாம் கசப்பு. அந்த மருந்தில் இருந்த பிஸ்மத் மலத்தைக் கருப்பாக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. முடித்து ஒரு மாதம் கழித்து மலத்தைச் சோதித்து, கிருமி போனதை உறுதிசெய்தார். மூச்சுச் சோதனையிலும் இதைப் பார்க்கலாம். எரிச்சல் நின்றதே போதும் என்று அனுப்பிவிடுகிறவரிடம், இந்த மறுசோதனையை நீங்களே கேளுங்கள்.

ரத்த வாந்தி, பிஸ்மத்தோ இரும்புச்சத்து மாத்திரையோ இல்லாமலே தார் போன்ற மலம், மயக்கம் என்றால் நல்ல டாக்டரைத் தேடி அலையாதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், தென்காசி அரசு தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.